செங்கோட்டையிலிருந்து ஒரு வேண்டுகோள்: பச்சிளங் குழந்தைக்கு மலக்குடல் பயாப்சி

அனைவருக்கும் வணக்கம். செங்கோட்டையில் இருக்கும் என் தங்கையின் மகனுக்கு இன்று 26 நாள். பிறந்து 48 மணி நேரத்துக்குள் வந்திருக்க வேண்டிய கருமலம் நான்காம் நாள்தான் வந்தது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை அப்படித்தான் என்று முதலில் பார்த்த மருத்துவர் அனுப்பிவிட்டார். இப்போது தோல் மினுங்கும் அளவுக்கு வயிறு உப்பி, பச்சை நரம்பு தெரிகிறது. நேற்று வேறொரு மருத்துவர் ஆசனவாயில் விரல் வைத்துப் பார்த்து எடுத்ததும் காற்றும் மலமும் பீறிட்டு வந்தன. ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயாக இருக்கலாம், அதாவது பெருங்குடலின் கடைசிப் பகுதியில் மலத்தைத் தள்ளவைக்கும் நரம்பணுக்கள் பிறவியிலேயே இல்லாமல் இருக்கலாம் என்றும், சாயம் ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே குறிப்புதான் தரும், மலக்குடலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சியே உறுதி சொல்லும் என்றும் அவர் விளக்கினார். காய்ச்சல், பச்சை வாந்தி, நாற்றமெடுத்த பேதி, இவற்றில் எது வந்தாலும் அந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டுமாம்.

ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்குப் போவதா, திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போவதா என்று இன்றிரவுக்குள் முடிவு செய்ய வேண்டும். கைக்குழந்தைக்கு இந்தப் பயாப்சி செய்தவர்கள், எங்கே செய்தீர்கள், முடிவு வர எத்தனை நாள் ஆயிற்று, நம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கேரளத்தில் ஏற்றுக்கொண்டார்களா என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள். வசம்பு உரைத்துக் கொடுக்கச் சொல்லி மட்டும் யாரும் எழுத வேண்டாம். வாய்வழியாக எதுவும் புதிதாகக் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.