உயர்திறன் கேம் ஷாஃப்ட்டுக்கு எந்த வால்வு ஸ்பிரிங் பொருந்தும்?

கேள்வி

வணக்கம். கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் புஷ்ராடும் ராக்கரும் கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றில், தட்டை அடி டேப்பெட் (கேமின்மேல் ஓடிப் புஷ்ராடைத் தள்ளும் துண்டு) வகையை மாற்றாமல், உயர்திறன் கேம் ஷாஃப்ட் ஒன்றைப் பொருத்தவிருக்கிறேன். பழைய கேமில் வால்வு 8.9 மி.மீ. திறந்தது. புதிய கேமின் லோப் (டேப்பெட்டைத் தள்ளும் புடைப்பு) உயர்வு 7.35 மி.மீ., ராக்கர் விகிதம் 1.5 என்பதால் வால்வு ஏறத்தாழ 11 மி.மீ. திறக்கும். வேக உச்சத்தை 6,000 ஆர்பிஎம்மிலிருந்து 7,000 ஆக உயர்த்த விரும்புகிறேன்.

வால்வு மூடியிருக்கையில் ஸ்பிரிங்கின் உயரம் 37 மி.மீ. பழைய ஸ்பிரிங்கின் சுருள்கள் 26.5 மி.மீ. உயரத்தில் ஒன்றோடொன்று முட்டிவிடுகின்றன. இரண்டு மாற்று ஸ்பிரிங்குகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒற்றை ஸ்பிரிங், 37 மி.மீ. உயரத்தில் 32 கிலோ விசை தருவது. அதற்குமேல் அழுத்தும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 3.4 கிலோ கூடும். சுருள் முட்டும் உயரம் 24.4 மி.மீ. இரட்டை ஸ்பிரிங், அதே உயரத்தில் 50 கிலோ, மில்லிமீட்டருக்கு 5.5 கிலோ, முட்டும் உயரம் 23 மி.மீ. வலுவானதைப் போட்டுவிட்டால் வால்வு மிதக்கும் (உயர்வேகத்தில் கேமைப் பின்தொடராமல் விலகிப்போகும்) அச்சமே இராது என்று தோன்றுகிறது. அப்படி முடிவெடுப்பது சரியா?

முதல் பதில்

பழைய ஸ்பிரிங்கை முதலில் ஒதுக்கிவிடுங்கள். 37 மி.மீ. உயரத்திலிருந்து 11 மி.மீ. அழுத்தினால் 26 மி.மீ. ஆகிறது, ஆனால் அது 26.5 மி.மீ. உயரத்திலேயே முட்டிவிடும் என்கிறீர்கள். அப்படி முட்டினால் புஷ்ராடு வளையும், ராக்கர் உடையும், லோபின் முனை சிதையும். முழுத் திறப்பில் குறைந்தது 1.5 மி.மீ. அளவுக்கு இடைவெளி மிஞ்ச வேண்டும் என்பது பொதுவாகக் கைக்கொள்ளப்படும் அளவு. ஒற்றை ஸ்பிரிங்கில் 1.6 மி.மீ. மிஞ்சுகிறது, அது போதும். இரட்டையில் 3 மி.மீ. மிஞ்சுகிறது.

முழுத் திறப்பில் கிடைக்கும் விசையையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒற்றை ஸ்பிரிங்கில் 32 உடன் 11 × 3.4 சேர்ந்து 69.4 கிலோ, இரட்டையில் 50 உடன் 11 × 5.5 சேர்ந்து 110.5 கிலோ. இவற்றுள் எது பொருந்தும் என்பதைக் கேமுடன் வரும் அளவு அட்டையே முதலில் சொல்ல வேண்டும். லோபின் வடிவத்தை வரைந்தவருக்குத்தான் வால்வின் முடுக்கம் எங்கே எவ்வளவு என்பது தெரியும். ஒரே உயர்வு கொண்ட இரு கேம்களுக்கு முற்றிலும் வேறான ஸ்பிரிங்குகள் தேவைப்படுவது வழக்கமே.

இரண்டாம் பதில்

மிதப்பு எங்கே தொடங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்தக் கேள்வி பாதி தீர்ந்துவிடும். வால்வைத் திறக்கும் வேலை லோபுடையது; அங்கே ஸ்பிரிங் உதவுவதில்லை, எதிர்க்கிறது. லோபின் முனையை நெருங்கும்போது வேகத்துடன் போய்க்கொண்டிருக்கும் வால்வை நிறுத்தித் திருப்ப வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஸ்பிரிங் மட்டுமே. அதற்குத் தேவையான விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். ஆகவே 6,000 ஆர்பிஎம்மிலிருந்து 7,000க்குப் போகும்போது, கேம் மாறாவிட்டாலும்கூட, 36 விழுக்காடு கூடுதல் விசை வேண்டும்.

இன்னொரு பக்கம், அதே விசை எஞ்சின் மெதுவாக ஓடும்போதுதான் லோபின் முனையை மிகக் கடுமையாக அழுத்துகிறது. ஏனெனில் உயர்வேகத்தில் அந்த அழுத்தத்தைக் குறைக்கும் நிலைம விசை அப்போது இல்லை. ராக்கர் விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள்: இரட்டை ஸ்பிரிங்கின் 110.5 கிலோ டேப்பெட்டில் ஏறத்தாழ 166 கிலோவாகிறது, ஒற்றையில் 104 கிலோ. உருளை (ரோலர்) டேப்பெட்டாக இருந்தால் இதைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். தட்டை டேப்பெட்டோ எண்ணெய்ப் படலத்தின்மேல் வழுக்கியே ஓடுகிறது. தேவைக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவும் அந்தப் படலத்தை நசுக்குகிறது.

விசையைக் கூட்டுவதற்கு முன் எடையைக் குறைக்க வழியுண்டா என்றும் பாருங்கள். உங்கள் ராக்கர் விகிதத்தில், ரீடெய்னரில் (ஸ்பிரிங்கை வால்வுத் தண்டோடு பிணைக்கும் மேல்தட்டு) குறைக்கும் 10 கிராம், டேப்பெட்டில் குறைக்கும் 22.5 கிராமுக்குச் சமம். மேல்நோக்கிக் குறுகும் தேன்கூட்டு வடிவ ஸ்பிரிங்குகள் விரும்பப்படுவதற்குச் சிறிய, இலகுவான ரீடெய்னரும் ஒரு காரணம்; மற்றொரு காரணம் அதிர்வு. 7,000 ஆர்பிஎம்மில் கேம் நொடிக்கு ஏறத்தாழ 58 முறை சுழல்கிறது. அந்த எண்ணின் மடங்கு ஒன்று ஸ்பிரிங்கின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால், சுருள்களுக்குள் அலை எழுந்து, கணக்கில் இருக்கும் விசை வால்வுக்குக் கிடைக்காமல் போகும். இரட்டை ஸ்பிரிங்கில் உள்ளும் புறமும் உரசுவது இந்த அலையை அடக்குகிறது என்பது உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் 110 கிலோவை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அட்டையைப் பார்த்தேன்: முழுத் திறப்பில் 66 முதல் 75 கிலோ வரை என்று இருக்கிறது. சிலிண்டர் ஹெட்டையும் அளந்தேன். இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளில் மட்டும் ஸ்பிரிங் உயரம் 37.8 மி.மீ. வருகிறது. வால்வு மூடியிருக்கையில் ரீடெய்னரின் அடிக்கும் கைடின் (வால்வுத் தண்டு ஓடும் குழாய்) மேலுள்ள ஆயில் சீலுக்கும் இடையே 11.6 மி.மீ. இருக்கிறது.

முதலில் பதிலளித்தவர்

அப்படியானால் ஒற்றை ஸ்பிரிங்தான், 69.4 கிலோ அந்த வரம்புக்குள் நன்றாகவே அமைகிறது.

அந்த இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளின் இருக்கைகள் முன்பு அதிகமாகக் கடையப்பட்டிருக்கக்கூடும். வால்வு உள்ளே இறங்க இறங்க ஸ்பிரிங் உயரம் கூடி, விசை குறையும். 0.8 மி.மீ. கூடினால் இந்த ஸ்பிரிங்கில் 2.7 கிலோ போய்விடும். ஸ்பிரிங்கின் அடியில் 0.8 மி.மீ. ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) வைத்து 37 மி.மீ. அளவுக்குக் கொண்டுவாருங்கள். எல்லா வால்வுகளையும் தனித்தனியே அளக்காமல் பொருத்த வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது சீல் இடைவெளிதான். முழுத் திறப்பில் 0.6 மி.மீ. மட்டுமே மிஞ்சும், ரீடெய்னர் சீலை அடித்துச் சிதைத்துவிடக்கூடும். குறைந்தது இன்னும் 0.9 மி.மீ. தேவை. கைடின் மேற்புறத்தைக் கடைந்து குறைக்கலாம், அல்லது உயரம் குறைந்த சீலைத் தேடலாம். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியையும், இலகுவான சோதனை ஸ்பிரிங்குகளைப் போட்டு, கையால் எஞ்சினைச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவதாகப் பதிலளித்தவர்

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். புதிய கேமுடன் புதிய டேப்பெட்டுகளையே போடுங்கள். பழைய லோபில் ஓடித் தேய்ந்த டேப்பெட் புதிய லோபை அழித்துவிடும். லோப்களில் மாலிப்டினம் பசையைத் தடவி, துத்தநாகம் மிகுந்த எண்ணெயை ஊற்றி, எஞ்சின் உயிர்பெற்ற உடனே 2,000 முதல் 2,500 ஆர்பிஎம் வரை ஏற்றி, வேகத்தைச் சற்றே மாற்றிக்கொண்டு 20 நிமிடங்கள் ஓட்டுங்கள். ஐடிலில் விடாதீர்கள், அந்த வேகத்தில் லோப்களுக்கு எண்ணெய் போதிய அளவு தெறிக்காது, முனையின் மேல் அழுத்தமும் அப்போதுதான் மிகுதி.