கையில் ஒட்டிய வாசனை

ரோஸ் ஹில், மொரீசியஸ்:
பிசின் மரத்திலிருந்து வடிவதை நேரில் பார்த்தது ஐம்பத்திரண்டு வயதில். அதுவரை சாம்பிராணி என்றால் கடையில் பொட்டலமாக வருவது, அவ்வளவுதான். பெட்ரேன் பக்கம் நுழைந்து மக்காபே காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தோம். மழை விட்டிருந்த நேரம். திடீரென்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டி தூபக்காலோடு அறை அறையாகப் போவாரே, அந்த வாசனை! வழிகாட்டி ஒரு தடித்த மரத்தைக் காட்டி, "கொலோஃபான்" என்றார். பட்டை வெடித்த இடத்தில் மெழுகு உருகி உறைந்தது போல வெளிறிய பிசின். மேலே காய்ந்திருந்தது; அழுத்தினால் உள்ளே இன்னும் இளகல்.

தொட்டதற்குத் திட்டு வாங்கினேன். நியாயம்தான், நம் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத மரம், இப்போது அரிதாகவும் ஆகிவிட்டது. விரலில் ஒட்டியது சோப்புக்கு அசையவில்லை. வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தேய்த்த பிறகுதான் விட்டது. பஸ்ஸில் வழி முழுக்க விரலை முகர்ந்துகொண்டே வந்தேன், பக்கத்தில் இருந்தவர் என்ன நினைத்தாரோ!

அப்புறம் தேடிப் படித்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் கருங்குங்கிலிய மரமும் இதுவும் ஒரே பேரினமாம், கனேரியம். அங்கே மரத்தின் பட்டையில் வெட்டுப் போட்டு, அடியில் தீ மூட்டிப் பிசினை வடிய வைப்பதும் உண்டாம். மரம் எத்தனை நாள் தாங்கும்?

சேந்த் ஆந்த்ரே, ரீயூனியன்:
அக்கா, எனக்கு நடந்தது நேர்மாறு. எங்கள் ஊரில் 'பென்ஜுவான்' என்று ஒரு மரம். பெயரே சாம்பிராணிதானே என்று, சந்தையில் மூலிகைக்காரரிடம் பட்டை வாங்கித் தணலில் போட்டேன். வெறும் விறகுப் புகை! அம்மா இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்தார்.

விசாரித்தால் அது மருதமும் கடுக்காயும் சேர்ந்த பேரினத்து மரம். உண்மையான சாம்பிராணி சுமத்ராவின் ஸ்டைராக்ஸ் மரத்துப் பிசின். அதை அரபு வணிகர்கள் 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாக் குந்திரிக்கம் என்றார்கள். அந்தப் பெயர் ஐரோப்பியர் வாயில் தேய்ந்து பென்ஜுவான் ஆனது. எங்கள் மரத்துக்கு ஒட்டிக்கொண்டது பெயர் மட்டும்தான். கஷாயத்துக்குப் பட்டையை உரித்து உரித்தே அதுவும் குறைந்துவிட்டது.

ரோஸ் ஹில், மொரீசியஸ்:
தம்பி, சிரிப்பை அடக்க முடியவில்லை. மிச்சப் பட்டையைக் கஷாயமாவது வைத்தீர்களா?

சேந்த் ஆந்த்ரே, ரீயூனியன்:
வைத்தேன் அக்கா. ஒரே துவர்ப்பு, கடுக்காய்த் தண்ணீர் மாதிரி. அம்மா மட்டும் முழு டம்ளரும் குடித்தார்.