பூகம்ப என்ஜினியர் ஆக ஆசை, சென்னையில் வேலை இருக்கிறதா?

தண்டையார்பேட்டை பையன்:
சிவில் கடைசி வருஷம். நிலநடுக்கம் தாங்கும் கட்டட டிசைனில் போக ஆசை. "சென்னையில் எங்கடா பூகம்பம், எவன் சம்பளம் தருவான்?" என்கிறார் அப்பா. எம்.டெக் சேரவா, வேலைக்குப் போகவா?

ராயபுரம் டிசைனர்:
அப்பா கேட்பது நியாயம்தான் தம்பி. ஆனால் 2001 செப்டம்பரில் புதுச்சேரி பக்கம் கடலுக்கடியில் வந்த நடுக்கத்தை இங்கேயும் உணர்ந்தோம், 2002-ல் ஐஎஸ் 1893 என்ற நிலநடுக்க டிசைன் தர விதியின் திருத்தத்தில் சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து ஆபத்து கூடிய மூன்றுக்குப் போனது, அதனால் அடுக்குமாடிக்கு டிசைன் போடுகிற எவருக்கும் இந்தக் கணக்கு தெரிந்தாக வேண்டும். "பூகம்ப என்ஜினியர்" என்று தனி போர்டு மாட்ட முடியாது, அவ்வளவுதான். பாதி நாள் கம்ப்யூட்டர், மீதி நாள் சைட்டில் ரிங்குக்காக, அதாவது பில்லரின் நேர்க்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்துக்காக, சண்டை. ரிங்கின் முனையிலுள்ள கொக்கி 135 டிகிரி உள்நோக்கி வளைய வேண்டும். 90-ல் விட்டால், ஆட்டத்தில் பில்லரின் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் கொக்கி திறந்து நேர்க்கம்பி பிதுங்கிவிடும். கொருக்குப்பேட்டையில் ஒரு சைட்டில் ஆறு பில்லரைப் பிரித்துக் கட்டச் சொன்னேன். அந்த கான்ட்ராக்டர் அப்புறம் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, சம்பளம் தந்த முதலாளியும் என்னைத்தான் திட்டினார்.

பெரம்பூர் அக்கா:
எம்.டெக் நுழைவுத் தேர்வான கேட் எழுதி ரூர்க்கி ஐஐடி போ. பூகம்பப் பொறியியலுக்கென்றே 1960-ல் தொடங்கிய தனித் துறை அங்கே இருக்கிறது. குளிரும் ரொட்டியும் பழகிவிடும். ஆராய்ச்சி பிடித்தால் நம் தரமணியில் இருக்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமான எஸ்.இ.ஆர்.சி.யிலேயே கட்டட மாதிரியை ஆட்டிப் பார்க்கும் மேடை உண்டு. முதல் சில வருஷம் சம்பளம் சுமார், ஐடிக்குப் போன தோழிகளோடு ஒப்பிடாதே. நான் இப்போது பழைய கட்டடங்களைச் சோதிக்கிறேன், பலவீனமான பில்லரைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி கான்கிரீட் போட வைக்கிறேன். 2001 பூஜ் நடுக்கத்தில் 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் விழுந்தவற்றில் நிறைய, கீழே சுவரில்லாமல் கார் நிறுத்த விட்ட அடுக்குமாடிகள். எங்கள் தெருவில் அப்படி ஒன்பது நிற்கின்றன.

கம்பி மேஸ்திரி, வியாசர்பாடி:
சார் சொல்வது சரி. ஆனால் 135-ல் வளைத்தால் பக்கவாட்டிலிருந்து நுழைக்க முடியாது, மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். அதற்குக் கூலி சேர்த்துக் கொடுங்கள், நானே வளைத்துத் தருகிறேன்.

தண்டையார்பேட்டை பையன்:
நன்றி அண்ணா, அக்கா, மேஸ்திரி. கேட் படிக்கிறேன். இதைப் படித்ததும் மொட்டைமாடிக்கு ஓடினேன். அடுத்த மாடிக்கென்று விட்டுவைத்த கம்பியில் நான்கு ரிங், நாலும் 90. அப்பா தை மாதம் மேல்மாடி எடுக்கலாம் என்கிறார், என்ன செய்யலாம்?