கலைச்சொல் விவாதம்: ‘இனச்சிக்கல்’ வேண்டாம், ‘கரந்துறை இனம்’, ‘கொத்து’

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம். ‘ஸ்பீஷீஸ் கொம்ப்ளெக்ஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று நீங்கள் எழுதிய முன்மொழிவுகளுக்கு இம்மடலில் பதில் சொல்கிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை, அச்சுக்குப் போகவிருந்த ஒரு பிரசுரத்தின் படி சரிபார்ப்பதற்காக என் மேசைக்கு வந்தது. மலேரியாவைக் காவும் நுளம்புகளை எப்படிப் பாகுபடுத்துவது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்குச் சொல்லும் நான்கு பக்கங்கள். இரண்டாம் பக்கத்தில் இந்த வரி இருந்தது: “இலங்கையில் மலேரியா பரவுவதற்கு அனோபிலிஸ் குலிசிபேசிஸ் இனச்சிக்கலே பிரதான காரணமாகும்.”

அதற்கு மேல் எனக்கு வாசிப்பு ஓடவில்லை. கொழும்பில் இருந்துகொண்டு ‘இனச்சிக்கல்’ என்ற சொல்லை நுளம்பு என்று வாசிக்க யாரால் முடியும்? 1983 ஆடிக் கலவரத்தின்போது வெள்ளவத்தையில் இருந்த எவருக்கும் அந்தச் சொல்லை நான் விளக்கத் தேவையில்லை.

மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பள்ளிக்கூடத்தில் படித்ததைத்தான் எழுதியிருக்கிறார். இரசாயனத்தில் சிக்கலயன், கணிதத்தில் சிக்கலெண் என்று நாம் எல்லோரும் படித்தவர்கள். ‘கொம்ப்ளெக்ஸ்’ என்றால் சிக்கல், ‘ஸ்பீஷீஸ்’ என்றால் இனம். இரண்டையும் ஒட்டினால் வருவது அதுதான். ஆனால் ‘ஸ்பீஷீஸ் கொம்ப்ளெக்ஸ்’ என்பதில் சிக்கல் எதுவும் இல்லை. பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்து, தமக்குள் இனம் கலக்காத சில இனங்கள் ஒரே பெயரின் கீழ் கிடப்பதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. சிக்கல் இருந்தால் அது பார்ப்பவனின் கண்ணில்.

பொருள் பிடிபடாமல் சொல் பிடிபடாது என்பதால் குலிசிபேசிஸ் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஓர் ஆய்வுகூடத்தில் இரண்டு கண்ணாடிக் குழாய்களை என் முன்னால் வைத்து, நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொன்னார்கள். சின்ன மண்ணிற நுளம்புகள். சிறகின் முன்விளிம்பில் கறுப்பும் வெளிறிய மஞ்சளும் மாறி மாறித் திட்டுத் திட்டாக இருந்தன. கால்களில் பட்டி இல்லை. வாயின் இரு பக்கமும் உள்ள தொட்டுணரும் உறுப்புகள் உறிஞ்சுகுழலின் நீளத்துக்கே நீண்டிருந்தன. பெண் அனோபிலிஸை மற்ற நுளம்பிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் அது. அரை மணித்தியாலம் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று சத்தியமே செய்திருப்பேன். அப்புறம் ஆண் குடம்பிகளிலிருந்து எடுத்த நிறமூர்த்தங்களின் (குரோமோசோம்களின்) படத்தைக் காட்டினார்கள். ஒன்றில் வை (Y) நிறமூர்த்தத்தின் இடுப்பு, அதாவது அது ஒடுங்கும் இடம், ஒரு நுனியோடு ஒட்டியிருந்தது. மற்றதில் இடுப்பு நடுவுக்குச் சற்றுத் தள்ளி இருந்ததால் குட்டையும் நெட்டையுமாக இரண்டு கை தெரிந்தன. இவற்றை ஆங்கில எழுத்துகளால் அழைக்கிறார்கள்: முதலாவது பீ (B) இனம். இரண்டாவது ஈ (E) இனம்.

இந்த வேறுபாட்டில்தான் நம் நாட்டு மலேரியாவின் கதையே அடங்கியிருக்கிறது. இலங்கையில் இருப்பது பீ மட்டுமே என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். இந்தியாவில் பீ பெரும்பாலும் மாட்டைக் கடித்துத் திரிவது, மலேரியாவைக் காவுவதில் கெட்டித்தனம் இல்லாதது. அப்படியானால் இங்கே இத்தனை பேருக்கு மலேரியாவைக் கொடுத்தது எது? 1999இல் இராமேசுவரம் தீவிலிருந்து ஈ என்ற புதிய இனத்தை அறிவித்தார்கள். தலைமன்னாருக்குக் கூப்பிடு தூரம் அது. அதன்பின் நம்மவர்கள் இங்கே தேடியபோது பீயோடு ஈயும் கிடைத்தது. மலேரியாவைக் காவியது பெரும்பாலும் ஈதான் என்று தெளிந்தது. இரண்டு நுளம்புகளுக்கு ஒரே பெயர் இருந்ததால் விடை இத்தனை காலம் மறைந்து கிடந்தது.

ஐரோப்பாவிலும் இதே கதை நடந்திருக்கிறது. அனோபிலிஸ் மக்குலிபெனிஸ் நிறைந்த சில பகுதிகளில் மலேரியாவே இல்லை, வேறு பகுதிகளில் கடுமையாக இருந்தது. 1926இல் பலெரோனி என்ற இத்தாலியச் சுகாதார அதிகாரி முட்டைகளின் மேலிருந்த கோலத்தைப் பார்த்துப் பிரிக்கத் தொடங்கினார். வளர்ந்த நுளம்பில் தெரியாதது முட்டையில் தெரிந்தது. ஆபிரிக்காவின் அனோபிலிஸ் காம்பியேயும் அப்படியே. ஒரு பெயராக இருந்தது இன்று எட்டுக்கும் மேற்பட்ட இனங்களாக விரிந்திருக்கிறது. அதில் ‘எம் (M) வடிவம்’ என்று அழைத்துவந்ததற்கு 2013இல்தான் ‘கொலுஸ்ஸி’ என்று தனிப்பெயர் வைத்தார்கள்.

இனி உங்கள் முன்மொழிவுகளுக்கு வருகிறேன்.

> சகோதர இனங்கள் என்றே வைக்கலாம். எளிமையாகவும் இருக்கிறது, ‘சிப்லிங் ஸ்பீஷீஸ்’ என்பதற்கு நேராகவும் இருக்கிறது.

மட்டக்களப்பு ஆசிரியை அக்காவின் முன்மொழிவு இது. அக்கா, ஏர்ண்ஸ்ட் மேயர் 1940களில் பரவலாக்கிய அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இது நேரானதுதான். ஆனால் நம் பத்திரிகைகளில் ‘சகோதர இனம்’ என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியும். ‘சகோதர இனத்தவர்’, ‘சகோதர மொழி’ என்று தினமும் அச்சேறும் சொற்கள். “சகோதர இனங்களுள் ஒன்று மட்டுமே நோயைப் பரப்புகிறது” என்று ஒரு சுகாதாரப் பிரசுரத்தில் எழுதினால் என்னவாகும்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

பொருளிலும் ஒரு குறை உண்டு. சகோதரம் என்றதும் உறவை உறுதிப்படுத்திவிடுகிறோம். நம் கரையோரத்து அனோபிலிஸ் சப்பிக்டசின் பீ இனம் என்று உருவத்தை வைத்துச் சொல்லிவந்த நுளம்புகளை டீ.என்.ஏ.யில் பார்த்தபோது, அவை அனோபிலிஸ் சுண்டைக்கஸ் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தன. அதை 2010இல் வெளியிட்டார்கள். கூடப்பிறந்தது என்று நினைத்தது அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருந்தது. ஒரே தோற்றம் என்பதை மட்டும் சொல்லி, உறவைப் பற்றி வாய்திறக்காத சொல்லே நமக்கு வேண்டும்.

> சிற்றினத் தொகுப்பு.

சென்னை ஐயாவுக்கு: பேரினம், சிற்றினம் என்று அங்கே பாடநூலில் நிலைபெற்றுவிட்டது, மதிக்கிறேன். இங்கே மூன்று தலைமுறையாகச் சாதி, இனம் என்றே படித்துவிட்டோம். இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்ற அடுக்கை உயர்தரப் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். மனிதரைப் பிரிக்கும் சொற்களையே பூச்சிக்கும் வைத்துவிட்டார்களே என்ற மனவருத்தம் எனக்கு எப்போதும் உண்டு. ஆனாலும் படித்ததை மாற்றச் சொல்வது அநியாயம். தவிர, ‘சிற்றினஞ்சேராமை’ படித்துவந்த காதுக்குச் சிற்றினம் என்றால் வேறு கூட்டம் நினைவுக்கு வருகிறது. ‘தொகுப்பு’ கட்டுரைத் தொகுப்புக்குப் போய்விட்டது. ‘தொகுதி’ என்றால் இங்கே சமிபாட்டுத் தொகுதி, அங்கே ‘பைலம்’.

‘இனக்குழு’ பற்றிச் சொல்லவே வேண்டாம். ‘மறை இனம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘மறைந்த’ என்றால் இறந்த என்றுதான் நம் மரண அறிவித்தல்கள் பழக்கியிருக்கின்றன, அற்றுப்போன இனம் என்று மயங்குவார்கள்.

என் முன்மொழிவு: தனி இனத்துக்கு ‘கரந்துறை இனம்’, அவை சேர்ந்த கூட்டத்துக்குக் ‘கொத்து’.

கரந்துறை என்பது நான் செய்த சொல் அல்ல. கரந்துறை பாட்டு சித்திரகவிகளில் ஒன்று. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள்ளேயே இன்னொரு செய்யுள் ஒளிந்திருக்கும். மேலோட்டமாக வாசிப்பவருக்கு ஒரே பாட்டு. முறை தெரிந்து எழுத்தெழுத்தாகப் பொறுக்கினால் இரண்டாவது பாட்டு வெளிவரும். குலிசிபேசிஸ் என்ற பெயருக்குள் ஈ இனம் கிடந்ததும் அச்சொட்டாக இதே மாதிரிதான். நிறமூர்த்தத்தைப் பொறுக்கத் தெரிந்தவருக்கே அது தெரிந்தது. ‘உறை’ என்பதில் தங்கி வாழ்தலும் இருக்கிறது, உயிருள்ளதற்குப் பொருந்துகிறது. ‘கிரிப்டிக் ஸ்பீஷீஸ்’ என்பதற்கும் இதே சொல் போதும்.

கொத்து ஒரே காம்பில் பல சேர்ந்தது. பூங்கொத்து, சாவிக்கொத்து. பெயரே காம்பு. ஆகவே ‘குலிசிபேசிஸ் கொத்து’, ‘காம்பியே கொத்து’, ‘சப்பிக்டஸ் கொத்து’ என்று எழுதலாம். பொதுவாகச் சொல்லவேண்டிய இடத்தில் ‘கரந்துறைக் கொத்து’. ஒவ்வொரு இடத்திலும் ‘இனம்’ என்ற சொல்லை இழுக்காமல் தப்பலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

எழுத்துப் பெயர்களிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ‘ஈ இனம் மலேரியாவைக் காவுகிறது’ என்று எழுதினால் வாசிப்பவர் இலையானைத்தான் நினைப்பார். நான் இம்மடலில் அப்படி எழுதியது உங்களுக்குப் பழகியது என்பதால். பிரசுரத்தில் கொத்தின் பெயரை முன்னே போட்டு ‘குலிசிபேசிஸ்-இ’, ‘குலிசிபேசிஸ்-பி’ என்று குறிலில் எழுதுவதே நல்லது.

அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற நுளம்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதன் மூல வடிவம், இடை வடிவம், மைசொரென்சிஸ் வடிவம் ஆகியவற்றை முட்டையின் மிதவையிலுள்ள வரிகளை எண்ணிப் பிரிப்பார்கள். அவற்றை இனங்களாக அல்லாமல் ஓர் இனத்துக்குள் உள்ள வேறுபாடுகளாகவே எழுதிவருகிறார்கள். எனவே ‘வடிவம்’ என்ற சொல்லே போதும், கரந்துறை அங்கே வரக்கூடாது.

ஒரு பெயருக்காக இவ்வளவு நீளமாக எழுதுவதா என்று சிலர் நினைக்கலாம். 1934-35இல் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கியபோது அந்தக் குட்டைகளில் பெருகியது இந்தக் குலிசிபேசிஸ்தான். சுமார் 80,000 பேர் மாண்டார்கள். 1963இல் மலேரியா வெறும் 17 பேருக்கு என்று இறங்கியது. அசட்டையாக இருந்த சில ஆண்டுகளிலேயே இலட்சக்கணக்காகத் திரும்பியது. 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய நோயாளர் இல்லை என்று, 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடாக நம்மை அறிவித்தது. அதே ஆண்டு முடிவதற்குள் மன்னாரில் ஸ்டெபென்சி அகப்பட்டது. சென்னையின் கிணறுகளிலும் மேல்நிலைத் தண்ணீர்த்தாங்கிகளிலும் பெருகும் நகரத்து நுளம்பு அது. வயலும் ஆறும் தேவையில்லை, வீட்டுக் கிணறு போதும். நோய் போய்விட்டது, காவிகள் போகவில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து ‘இது எது’ என்று சொல்லவேண்டியவர் அந்தப் பரிசோதகர். அவர் கையில் மயங்காத சொல் இருக்கவேண்டும்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து

———

> சொல் அழகு. ஆனால் வவுனியாப் பக்கம் மருந்தடிக்கப் போகிற பொடியனுக்குக் ‘கரந்துறை’ விளங்குமா தம்பி? அகராதியைத் தேடவேண்டிய சொல் களத்தில் நிற்காது. ‘கொத்து’ எனக்குச் சம்மதம். யாழ்ப்பாணத்தில் கொத்து என்றால் அரிசி அளக்கிறது என்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அண்ணா, என் மடலைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டது நியாயம். நேற்றுப் பின்னேரம் எங்கள் மாடிக் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருக்கும் ஐயாவிடம் போனேன். முந்தி வீடு வீடாக டி.டி.ரீ. அடித்த குழுவில் வேலை செய்தவர், பிறகு மலத்தியனும் அடித்தவர். பம்பின் வார் பட்ட தோள் இன்னும் தழும்பாக இருக்கிறது. பிரசுரத்தின் அந்தப் பந்தியைச் சொல்லை மட்டும் மாற்றி வாசித்துக் காட்டினேன். “பார்வைக்கு ஒரே நுளம்பாகத் தோன்றும் குலிசிபேசிஸ் கொத்தில் இலங்கையில் இரண்டு கரந்துறை இனங்கள் உள்ளன.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “ஒண்டுக்குள்ள ஒண்டு ஒளிச்சுக்கொண்டு இருக்குது எண்டுதானே சொல்லுறியள்?” என்றார். ஓம் என்றேன். “அப்ப விளங்குது. நாங்கள் அந்த நாளில ஒண்டெண்டு நினைச்சுத்தான் அடிச்சனாங்கள்” என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அநுராதபுரத்தில் காய்ச்சலில் போன தன் தங்கையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

ஆனாலும் உங்கள் சொல்லைத் தட்டவில்லை. பிரசுரத்தில் முதல்முறை வரும் இடத்தில் ‘ஒளிந்திருக்கும் இனம்’ என்று விளக்கிவிட்டு அதன்பின் கரந்துறை இனம் என்று எழுதுகிறேன். நம் சொற்பட்டியலுக்கு இப்படி அனுப்பலாமா என்று பாருங்கள்:

கரந்துறை இனம்: தோற்றத்தால் பிரித்தறிய முடியாத, ஆனால் தமக்குள் இனங்கலக்காத இனங்களுள் ஒன்று. எ-டு: குலிசிபேசிஸ்-இ.

கொத்து, கரந்துறைக் கொத்து: ஒரே பெயரால் அறியப்பட்டுவந்த கரந்துறை இனங்களின் கூட்டம். எ-டு: குலிசிபேசிஸ் கொத்து. ‘இனச்சிக்கல்’, ‘சகோதர இனங்கள்’ என எழுதற்க.

படி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அச்சகத்துக்குத் திரும்ப வேண்டும். மறுப்பு இருந்தால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள்.