புதுப்பிப்பு: பழைய ரம்ப மிஷினுக்குப் பேரிங் கிடைத்துவிட்டது

அம்பாசமுத்திரத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய டேபிள் ரம்ப மிஷின் பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் குண்டு வளையம்) போய், கடகடவென்று கத்திவிட்டு நின்றுபோனது, கம்பெனிப் பெயர்கூட இல்லை, பாகங்களுக்கு எங்கே போவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது பேட்டை அண்ணாச்சி சொன்னதுதான்: "மிஷின் பெயரை விடும், பேரிங் நம்பரைப் பாரும்." மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்ததும் வளையத்தில் 6203 தெரிந்தது. உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40, அகலம் 12. எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவு. தண்ணீர் மோட்டார் பலவற்றிலும் இதுதான் என்பதால் ஜங்ஷன் பக்கம் மோட்டார் சாமான் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி வைத்ததாக வாங்குங்கள், மரத்தூள் அவ்வளவாக ஏறாது.

எதிர்பாராத ஒன்று: இந்த மிஷினில் பிளேடு நட்டு எதிர் மரை, வழக்கத்துக்கு மாறான பக்கம் திருப்பினால்தான் கழலும். அது தெரியாமல் அரை நாள் முக்கியிருக்கிறேன், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டு! அப்புறம் பார்த்தால் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியிலும் விரிசல். பழையதை மாதிரி காட்டி லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்து வாங்கினேன்.

இப்போது தேக்குப் பலகை சுத்தமாக அறுபடுகிறது. பிளேடுக்கு மேல்மூடிதான் பாக்கி, தகரத்தில் அடிக்கக் கொடுத்திருக்கிறேன்.