எதிர்க்கட்சி வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்டுட்டு சொந்தக் கட்சியிலயே இருக்க முடியுமா?

பைங்காநாட்டான் கேட்டது:
நமக்கு மன்னார்குடி பக்கம். 2024ல துளசேந்திரபுரத்துல கமலா ஹாரிஸுக்கு பேனர் கட்டி, தர்மசாஸ்தா கோயில்ல பூஜை போட்டாங்களே, அப்போலேருந்து ஒரு சந்தேகம். எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியோட வயோமிங் மாநில முன்னாள் எம்.பி. லிஸ் செனி, அதுவும் அந்தக் கட்சி பொறந்த ஊர்னு சொல்ற ரிப்பன்ல மேடையேறி ஜனநாயகக் கட்சி ஹாரிஸுக்கு ஓட்டுக் கேட்டாங்க. இங்கன்னா மறுநாள் பேப்பர்லயே "அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உள்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும்"னு வந்துடும். அங்க ஏன் நீக்கல? எங்க பெரியப்பா கிளைச் செயலாளர். "அவனுங்களுக்குக் கட்சி நடத்தத் தெரியலடா"ங்கிறார்.

கோரையாற்றுக்கரை:
நீக்காம இல்ல தம்பி, நீக்கிப் பார்த்தாங்க. 2021லயே வயோமிங் மாநிலக் கட்சி "இவங்க எங்க ஆளே இல்ல"ன்னு 31க்கு 29ன்னு தீர்மானம் போட்டுச்சு. ஒண்ணும் ஆகல. அடுத்த வருஷம் அதே கட்சி பேருலதான் உட்கட்சித் தேர்தல்ல நின்னாங்க. அங்க சீட்டு தலைமை குடுக்குறதில்ல, கட்சி ஓட்டர்தான் குடுக்கணும். அந்த ஓட்டர் 2022ல நல்லா குடுத்தாங்க, படுதோல்வி. அதனால ரிப்பன் மேடையில ஏறுறப்போ அந்தம்மாவுக்கு இழக்கப் பதவி இல்ல. தைரியம்னு பேசுறவங்க இதையும் சேர்த்துச் சொல்லணும்.

இங்க பிடி வேற மாதிரி. 1985 கட்சித்தாவல் தடைச் சட்டம் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டா மட்டும்னு நெனைக்காதீங்க. பாட்னாவுல எதிர்க்கட்சிப் பேரணிக்குப் போனதையே "தானா கட்சியை விட்டுட்டார்"னு எடுத்துக்கிட்டு, 2017 டிசம்பர்ல ஐக்கிய ஜனதா தளத் தலைவர் சரத் யாதவோட மாநிலங்களவைப் பதவியைப் பறிச்சாங்க. பதவியில இல்லாத உங்க பெரியப்பா மாதிரி ஆளுங்களுக்குச் சட்டமே வேணாம், தலைமையோட ஒரு கையெழுத்து போதும்.

வெண்ணாறு:
ஜனாதிபதி தேர்தலை விட்டுட்டீங்களே. அதுக்குக் கொறடா கிடையாது, ரகசிய ஓட்டு. 1969ல காங்கிரஸ் வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி மனுவை முன்மொழிஞ்சதே பிரதமர் இந்திரா. அப்புறம் "மனசாட்சிப்படி போடுங்க"ன்னாங்க, சுயேச்சையா நின்ன வி.வி.கிரி ஜெயிச்சார். நவம்பர்ல பிரதமரையே கட்சியை விட்டு நீக்குனாங்க. ஆட்சி மட்டும் போகல. அப்போ தி.மு.க. எம்.பி.க்கள் தாங்கிப் பிடிச்சாங்க.

பைங்காநாட்டான்:
பெரியப்பாகிட்ட வாசிச்சுக் காமிச்சேன். வெத்தலையை மென்னுகிட்டே கேட்டுட்டு, "சட்டம்னா அதான்டா"ன்னார். 2019 உள்ளாட்சித் தேர்தல்ல என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். ஒன்றியக் கவுன்சிலருக்கான பச்சைச் சீட்டுக்குக் கட்சிச் சின்னம்னு தெருத்தெருவா கத்துனவரு, ஊராட்சித் தலைவருக்கான ரோஸ் சீட்டுக்கு மட்டும் வீட்டுக்குள்ள வந்து பூட்டு சாவி சின்னம்னார். நின்னவர் எதிர்க்கட்சி ஆளு, எங்க அத்தை மாப்பிள்ளை.

கோரையாற்றுக்கரை:
ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சி அடிப்படையில நடக்குறதே இல்ல தம்பி. அவரை எந்தத் தலைமையும் ஒண்ணும் பண்ண முடியாது. வாய்க்கால் தூர் வாருனாரா மாப்பிள்ளை?

பைங்காநாட்டான்:
எங்க வயல் வரைக்கும் வாருனார்.