கொறங்காட்டைப் பங்கு பிரிக்கிறோம், உள்ளே புலிகுத்திக் கல் இருக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: காங்கயம் கிழக்கு

வணக்கங்க. காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்களுக்குப் பன்னிரண்டு ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. அப்பாரு (தாத்தா) காலத்திலிருந்தே மேய்ச்சலுக்கு விட்ட காடு. சுற்றிலும் கிளுவை என்கிற முள் செடி வேலி, உள்ளே நாற்பது வெள்வேல மரம் இருக்கும், கீழே கொழுக்கட்டைப் புல். என்னுடைய ஐந்து காங்கயம் மாடும் முப்பது ஆடும் அதில்தான் கிடக்கின்றன.

அப்பா போன வருடம் தவறிவிட்டார். நாங்கள் மூன்று பேர். அண்ணன் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடலாம் என்கிறார். தம்பி வேலியைப் பிடுங்கிவிட்டு போர்வெல் போட்டு முருங்கை வைக்கலாம் என்கிறான். மாடு வைத்திருப்பது நான் மட்டும்தான், அதனால் என் பேச்சு எடுபடவில்லை.

இன்னொன்று. வடக்கு ஓரத்தில் ஒரு கல் சாய்ந்து நிற்கிறது, ஒரு ஆள் புலியைக் குத்துகிற மாதிரி செதுக்கியிருக்கும். வேட்டைக்காரன் சாமி என்று சொல்லி பட்டிப் பொங்கலன்று (மாட்டுப் பொங்கல்) அம்மா விளக்கு வைப்பார். ஜேசிபி வரும்போது அதைத் தூக்கிக் கொண்டுபோய் ஊர்க் கோவிலில் நட்டுவிடலாம் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். செய்யலாமா? காட்டை வைத்துக்கொள்ளச் சொல்லி வீட்டில் பேச எனக்கு ஏதாவது விஷயம் கொடுங்கள்.

பதில் 1: நொய்யல் கரை

முதலில் கல். தயவுசெய்து ஜேசிபியை அதன் பக்கத்தில் விடாதீர்கள். நீங்கள் சொல்வது புலிகுத்திக் கல், நடுகல்லில் ஒரு வகை. பட்டியைக் காக்கப் புலியோடு மோதிச் செத்துப்போனவனுக்கு எடுத்த கல். கொங்கில் இப்படி நிறைய நிற்கின்றன, அவற்றில் பலவற்றை வேட்டைக்காரன் சாமி என்றுதான் கும்பிடுகிறார்கள். ஒரு காலத்தில் இங்கே புலி வரும் அளவுக்குக் காடு இருந்தது, காக்கிற அளவுக்கு மாடும் இருந்தது என்பதற்கு உங்கள் கல்லே சாட்சி. அதைக் கோவிலில் கொண்டுபோய் நட்டால் பத்தோடு பதினொன்றாகிவிடும், எந்த இடத்துக் கல் என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாது.

காலை ஏழு மணிக்குள் அல்லது சாயங்காலம் வெயில் சாயும்போது படம் எடுங்கள், உச்சி வெயிலில் செதுக்கல் தெரியாது. இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும், எழுத்து இருந்தால் அப்போதுதான் கண்ணில் படும். எழுத்து இல்லை என்றாலும் பரவாயில்லை, கொண்டை எந்தப் பக்கம் முடிந்திருக்கிறது, காதில் கழுத்தில் என்ன இருக்கிறது, இடுப்புத் துணி எப்படி என்று பார்த்தே காலத்தை ஓரளவு கணித்துவிடுவார்கள். சுத்தம் செய்யவேண்டும் என்றால் தண்ணீரும் மெதுவான பிரஷும் போதும். பெயின்ட் அடிக்காதீர்கள், ஆசிட் ஊற்றாதீர்கள், கம்பியால் சுரண்டாதீர்கள். அம்மா வைக்கும் விளக்கு இருக்கட்டும், கல்லிலிருந்து ஒரு அடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள். படத்தோடு கிராம நிர்வாக அலுவலரிடமும் தொல்லியல் துறையிடமும் எழுதிக் கொடுங்கள். சாய்ந்திருப்பதை அவர்கள் பார்த்த பிறகு நிமிர்த்தலாம்.

காட்டையும் ஒருமுறை காலால் நடந்து பாருங்கள். பழங்கால மனிதர் விட்டுப்போன அடையாளமாக வட்டமாகப் பதித்த கற்கள், கறுப்பு சிவப்புப் பானை ஓடு ஏதாவது தென்படுகிறதா? சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணலில் இப்படி மேலே கிடந்த ஓட்டில்தான் எல்லாம் ஆரம்பம். தோண்டியபோது மணி செய்த பட்டறை, இரும்பு உருக்கிய உலை, தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்து கீறிய பானை ஓடு என்று கிடைத்தன. சங்க நூலான பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் அதுதான். சோலாருக்கு நிலத்தைச் சமன் செய்தால் இந்த மேல்மண் அடையாளம் எல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

பதில் 2: மூலனூர் ஆட்டுக்காரன்

கல்லைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார், நான் காட்டைப் பற்றிச் சொல்கிறேன். நம் பக்கம் வருடத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். சரளை கலந்த செம்மண். இந்த மண்ணுக்கும் இந்த மழைக்கும் நம் முன்னோர் கண்டுபிடித்த விவசாயம்தான் கொறங்காடு, அதைத் தரிசு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கொழுக்கட்டைப் புல் வருடக்கணக்கில் நிற்கும், வெயிலில் காய்ந்தாலும் வேர் சாகாது, ஒரு மழை விழுந்தால் துளிர்க்கும். துளிர்த்த உடனே மாட்டை விடாமல் கொஞ்ச நாள் பொறுத்து விடவேண்டும், அதுதான் முக்கியம். சில வருடத்துக்கு ஒருமுறை ஒரு உழவு ஓட்டினால் புல் மறுபடி கிளம்பும். கோடையில் புல் தீர்ந்துபோகும்போது வெள்வேலங்காய் உதிரும், ஆடு பொறுக்கித் தின்னும், புழுக்கையோடு விதை விழுந்து புது மரம் முளைக்கும். கிளுவை வேலி இருப்பதால் மேய்க்க ஆள் வேண்டாம், மாடு இரவு பகல் உள்ளேயே கிடக்கும். அந்த வேலிக்குள் கவுதாரி குஞ்சு பொரிக்கும், ஓணான், கீரி எல்லாம் அதில்தான். கம்பி வேலியில் இது ஒன்றும் இருக்காது.

காங்கயம் மாட்டின் காலும் குளம்பும் இந்தச் சரளையில் நடந்து நடந்து வந்தவை. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் அந்த இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்துப் பேர் வாங்கினார் என்றால், அவருக்குக் கீழே இந்த மேய்ச்சல் நிலம் இருந்தது. காடு போனால் மாட்டைக் கட்டுத்தறியில் கட்டி வைத்துத் தீவனம் வாங்கிப் போடவேண்டும், எத்தனை நாளைக்கு முடியும்?

பதில் 3: தாராபுரத்து மருமகள்

தம்பி, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் கல்யாணமாகி வந்தபோது எட்டு ஏக்கர் கொறங்காடு இருந்தது. மாமனார் காலத்துக்குப் பிறகு உழுதுவிட்டு, போர் போட்டு முருங்கை வைத்தோம். முதல் மூன்று வருடம் நல்ல காசு, நான் மறைக்கவில்லை. அப்புறம் தண்ணீர் கீழே போனது, இன்னொரு போர், அதுவும் போனது. இப்போது அந்த இடத்தில் சீமைக் கருவேல்தான் நிற்கிறது. திரும்பக் கொறங்காடு ஆக்கலாம் என்று புல் விதை தூவிப் பார்த்தோம், ஒரு பகுதியில் வந்தது, மற்றதில் வரவே இல்லை. பிடுங்க அரைநாள் ஆனது, திரும்பக் கொண்டுவர இத்தனை வருடமாகியும் முடியவில்லை. உங்கள் தம்பியை ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கள், காட்டுகிறேன்.

பதில் 4: பல்லடம் ரோடு

எல்லாரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள். பன்னிரண்டு ஏக்கரில் ஐந்து மாடு வைத்துக்கொண்டு மூன்று குடும்பம் பிழைக்க முடியாதுங்க. அண்ணன் பணம் கேட்பது தப்பில்லை, அவர் பங்கை அவர் என்ன செய்யவும் உரிமை உண்டு. ஆனால் ஒன்று, குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எத்தனை வருடம், முடிந்ததும் கான்கிரீட்டை யார் எடுப்பது என்று கேட்டுப் படித்துப் பாருங்கள். மாடு வைத்திருப்பவர் மற்ற இரண்டு பங்குக்கும் மேய்ச்சல் குத்தகை கொடுத்தால் பேச்சு வேறு மாதிரி போகும். வெறும் பெருமையைச் சொல்லி அண்ணனை மடக்க முடியாது.

காங்கயம் கிழக்கு

பல்லடம் அண்ணன் சொன்னது உறைத்தது. நேற்று ராத்திரி மூன்று பேரும் உட்கார்ந்தோம். கல்லை எடுப்பதில்லை என்று மட்டும் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், அதைச் சுற்றி அரை செண்ட் பொதுவில் விட்டுவிடலாம் என்று அண்ணனே சொன்னார். நான் இரண்டு பேருக்கும் வருடக் குத்தகை தருகிறேன், இரண்டு வருடம் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறேன். தம்பி தாராபுரம் அக்கா வீட்டுக்கு வருகிறேன் என்கிறான். பங்கு தெரிய நடுவில் கம்பி போடலாம் என்கிறார் அண்ணன், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மூலனூர் ஆட்டுக்காரன்

கம்பி எதற்கு? பங்கு பிரிக்கும் கோட்டிலேயே கிளுவைப் போத்து (வெட்டிய குச்சி) நடுங்கள். பெரிய கொறங்காட்டை மூன்று நான்காகத் தடுத்து ஒன்று மாற்றி ஒன்று மேய்ப்பதுதான் நம் பழைய முறையே, பங்கும் பிரிந்த மாதிரி ஆச்சு, புல்லுக்கும் ஓய்வு கிடைத்த மாதிரி ஆச்சு. ஒவ்வொரு தடுப்பிலும் மாடு போக ஒரு கடவு (வழி) விட்டு முள் படல் (முள்ளால் கட்டிய கதவு) வையுங்கள். நடும்போது நெருக்கமாக நடவேண்டும், இடைவெளி விட்டால் ஆடு நுழைந்துவிடும். மழை தொடங்குவதற்கு முன் என் வேலியைக் கழிக்க (வெட்டிவிட) போகிறேன், போத்து தேவையான அளவு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பழையகோட்டை மாட்டுத்தாவணிக்கு (மாட்டுச் சந்தை) வருவீர்கள்தானே, அங்கே பார்த்துப் பேசி வண்டிக்கு நாள் குறித்துக்கொள்வோம்.